தக்கை இலக்கணம்: ஒரு 14 அடிப் படகை முன்வைத்து

1. திணையியல்

பொழுதுபோக்காக மீன்பிடிப்போர் வைத்துக்கொள்ளும் சிறுபடகுக்கு இலக்கணம் வகுப்பது இக்கட்டுரையின் நோக்கம். களம், அமெரிக்காவின் மினசோட்டா. ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று வண்டி எண் பலகையிலேயே பொறித்துக்கொண்ட மாநிலம். 10 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகளை எண்ணினால் 11,842 வருகிறது. கையிருப்பைக் குறைத்துச் சொல்லும் அரசும் உலகில் உண்டு என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

காடு சூழ்ந்த ஏரியில் தூண்டில் போடுவது முல்லை நிலத்தில் நெய்தல் தொழில் செய்வது. ஆகவே இது திணைமயக்கம். கருப்பொருள், வால்ஐ என்னும் மீன். 1965 முதல் அதுவே மாநில மீன். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. அதனால் மங்கிய வெளிச்சத்திலும் அதற்கு இரை தெரியும். அந்தியில் நன்றாகக் கடிக்கும். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு என்று நம் முன்னோர் வகுத்தது வால்ஐயைப் பார்க்காமலே என்பதை எண்ணி வியக்கிறோம். உரிப்பொருள், இரங்கல்: தப்பிப்போன மீனை நினைத்து இரங்குதல். அதன் நீளத்தைச் சொல்லும்போது இரு கைகளும் தாமாக அகல்வது மெய்ப்பாடு. குளிர்காலத்தில் ஏரி உறைந்து, அதன்மேல் வண்டி ஓட்டுவார்கள். அதற்கு ஐந்திணையில் இடமில்லை; எனவே இங்கும் இல்லை.

2. உடம்பியல்

படகு அடிவயிற்றால் இருவகைப்படும்: தட்டையடி, கூரடி. தட்டையடி அமைதியான, ஆழமில்லாத நீரில் திண்ணைபோல் அசையாது நிற்கும். அலை வந்தாலோ அலைக்கு ஒன்றாக முதுகில் குத்தும். கூரடி அலையைப் பிளந்துகொண்டு போகும். ஆனால் நின்ற இடத்தில் யாராவது எழுந்தால் தானும் ஒரு பக்கமாக எழுந்து பார்க்கும். இவ்வாய்வாளர் வாங்கியது பழைய அலுமினியக் கூரடி. நீளம் 14 அடி, அகலம் 5 அடி. அலுமினியம் இலேசானது, மக்காதது. ஆனால் டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுந்தால் ஏரியிலுள்ள அத்தனை மீனுக்கும் சேதி போய்விடும்.

கொள்ளளவுப் பலகை இல்லாத சிறுபடகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சூத்திரம் உண்டு: அடிக்கணக்கில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும். 14 × 5 = 70; வகுத்தால் 4.67. பின்னம் தள்ளுபடி, ஆக 4 பேர். தள்ளுபடியான அந்த 0.67 பேர் யார் என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. இந்தக் கணக்கு தலைக்கு 68 கிலோ என்று கொள்வது. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர் நீர் விலகியாக வேண்டும். மைத்துனர் ஏறியபோது 92 லிட்டர் விலகியது. புளியோதரை அடுக்கு தனி.

3. உறுப்பியல்

நார்வேயில் பிறந்து, பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் வளர்ந்தவர் ஓலே எவின்ரூட். காதலி பெஸ் ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் கேட்க, இவர் வெயிலில் துடுப்புப் போட்டு அக்கரை போய் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஆற்றாமையில் பிறந்தது அவுட்போர்டு மோட்டார் என்பது கதை. 1909இல் விற்பனைக்கு வந்த அதன் திறன் 1.5 குதிரை. அகத்திணையிலிருந்து பொறியியல் பிறந்ததற்கு வேறு சான்று வேண்டா.

மீன்காட்டும் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியைத் திரையில் வரைவது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் பாயும் என்பதால் விடை உடனே வந்துவிடும். மீன் இருக்கிறதா என்பதை அது சொல்லும். மீனுக்கு மனமிருக்கிறதா என்பதைச் சொல்லாது.

டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்து, டிரெய்லர் போக வேண்டிய பக்கம் கையை நகர்த்துவது உத்தி. இது கைவரும்வரை பின்னால் நின்று வழிகாட்டும்படி மனைவியை அழைக்கக் கூடாது.

4. தக்கையியல்

தக்கை இருவகைப்படும்: தூண்டில் கயிற்றில் மிதப்பது ஒன்று, ஓட்டையை அடைப்பது மற்றொன்று. முன்னது அமிழ்ந்தால் ஆனந்தம். பின்னது இல்லாவிட்டால் படகே அமிழும். இரண்டுக்கும் ஒரே பெயரிட்டு மொழி நம்மை எச்சரித்திருக்கிறது.

படகின் பின்பக்கத்தை நம் கடலோரத்தார் அமரம் என்பர். அமரத்தின் அடியில் ஓர் அங்குல ஓட்டை இருக்கும். கரையேறியபின் உள்ளே தேங்கிய நீர் வடிய. மினசோட்டாச் சட்டப்படி ஏரியை விட்டுக் கிளம்புமுன் அதன் தக்கையைக் கழற்ற வேண்டும். சாலையில் போகும்போதும் அது கழன்றே இருக்க வேண்டும். காரணம், வரிக்குதிரைச் சிப்பி. கருங்கடல், காஸ்பியன் பகுதிக்குரிய இந்தச் சிப்பி, கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றிவந்த நீரில் பயணம் செய்து 1988இல் பேரேரிகள் பகுதியில் தலைகாட்டியது. மறு ஆண்டே மினசோட்டாவின் துலூத் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. அதன் இளம்புழுக்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை. படகில் தேங்கிய நீரில் ஏரிவிட்டு ஏரி குடியேறும். ஆகவே சிப்பியால் சட்டம், சட்டத்தால் கழற்றிய தக்கை, கழற்றியதால் அது போய்ச் சேர்ந்த இடம் இவ்வாய்வாளரின் போன வாரத்துக் கால்சட்டைப் பை.

சோதனை ஓர் எற்பாட்டில் நிகழ்ந்தது. கரையிலிருந்து நூறடி தூரம். நால்வரில் மூவர் முதல்வகைத் தக்கையையே பார்த்திருந்தோம்.

“மாமா, என் செருப்பு மிதக்குது. இது இப்படித்தான் இருக்குமா?” என்றார் மைத்துனர்.

“சத்தம் போடாதப்பா, மீன் கலைஞ்சிடும்.”

20 அடிக்குக் குறைந்த படகுகள் நீர் நிரம்பினாலும் மிதக்கும்படி கட்டப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. எனவே மூழ்கும் நிலையில் இருந்தது படகன்று, மானம். மைத்துனர் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி ஓட்டையில் திணித்தார். தண்ணீரை இறைக்கப் பாத்திரம் வேண்டியிருந்ததால் புளியோதரை அடுக்கு ஏரியில் கவிழ்க்கப்பட்டது. அன்று மாலை மீன்கள் வந்தது அதற்குத்தான்.

5. முடிபு

நீளம், அகலம், குதிரைத்திறன், மின்திரை ஆகிய எல்லாம் ஓர் அங்குலத்துக்குள் அடக்கம். படகு வாங்க எண்ணும் வாசகருக்கு ஒரு சொல்: அன்றே தக்கை இரண்டு வாங்குங்கள். ஒன்றைக் கார்ச் சாவியோடு கட்டுங்கள். மற்றதை மைத்துனரிடம் கொடுங்கள். படகில் கீழே பார்ப்பவர் அவர் ஒருவர்தான்.