கையடக்கக் கேமராவுக்கு உறை: காவிரி டெல்டாவை முன்வைத்து ஓர் ஆய்வு

தஞ்சாவூரில் ஆராயப்படாத பொருள் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். பெரிய கோயில் விமானம் 216 அடி உயரம் என்பதில் தொடங்கி, தலையாட்டி பொம்மைக்கு அடிப்பாகம் ஏன் கனம் என்பது வரை எல்லாவற்றுக்கும் எங்கோ ஓர் ஆய்வேடு பைண்டு செய்யப்பட்டு அலமாரியில் நிற்கிறது. சட்டைப்பையில் அடங்கும் கேமராவை வாங்கியவர் அதை எதற்குள் போட்டுக்கொண்டு வெண்ணாற்றங்கரை வரை நடப்பது என்ற கேள்வியை மட்டும் அறிஞர் உலகம் அநாதையாக விட்டுவிட்டது. இந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு. ஆய்வு எல்லை வருமாறு: மேற்கே கல்லணை, வடக்கே கொள்ளிடம், கிழக்கே வங்கக் கடல், தெற்கே ஆய்வாளரின் வண்டியில் பெட்ரோல் தீருமிடம்.

மரபுப்படி வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். டாகேரின் புகைப்பட முறை பாரிசில் அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. ஓலைச்சுவடி, அச்சுப் புத்தகம், ஓவியம், மருத்துவக் குறிப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துவைத்த இரண்டாம் சரபோஜி மன்னர் 1832இலேயே காலமாகிவிட்டார். இந்த 7 ஆண்டு வித்தியாசத்தால் சரஸ்வதி மகால் நூலகம் மன்னர் கைப்பட்ட ஒரு கேமராவையும், அதன்வழி ஓர் உறையையும் இழந்தது என்பது இவ்வாய்வின் முதல் சோகமான முடிவு.

கேமரா தஞ்சைக்கு வந்து பேர் வாங்கியது 1858இல். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். அன்றைக்குப் படம் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிது; நெகட்டிவைவிடப் பெரிது கேமரா. அந்தச் சாமான்களைச் சுமந்தது மாட்டு வண்டி. ஆக, டெல்டாவில் கேமராவுக்கு அமைந்த முதல் பெரிய உறைக்கு இரண்டு சக்கரமும் இரண்டு மாடும் இருந்தன. 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 கேமராவோ 10 சென்டிமீட்டர் நீளம், 6க்குச் சற்றுக் குறைந்த உயரம், 240 கிராம் எடை. அதற்கு மாட்டு வண்டி கொஞ்சம் லூசாக இருக்கும்.

கேமராவை அடிக்கடி உறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்பதற்கும் பெரிய கோயிலே சான்று. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவந்திருக்கிறார்கள். சாயங்காலம் நாலரை மணிக்குக் கிழக்குப் பக்கம் போய் நின்றால், கருவறைக்கு மேல் நிற்கும் விமானம் தன் நிழலை எங்கே போடுகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். எழுதியவர்களின் கேமரா உறைக்குள்ளேயே இருந்திருக்கிறது. முன்னால் எழுதியவரை மேற்கோள் காட்டுவது வெயிலில் நிற்பதைவிடச் சுகமானது அல்லவா?

மேற்கோள் என்றதும், இத்துறையின் மூலநூலைச் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் ‘உறைநூல்’. அது இன்று கிடைக்கவில்லை. எக்காலத்திலும் எழுதப்படவும் இல்லை. இதைக் குறையாகக் கருத வேண்டாம். இல்லாத நூலை மேற்கோள் காட்டினால் பக்க எண் கேட்க ஆளில்லை, பாடபேதம் பார்க்க ஆளில்லை, அந்த நூல் காலத்தால் முந்தியது என்று நிறுவுவதும் எளிது. உறைநூலுக்கு உரை கண்டவர் உறையாசிரியர். அவர் உறைகளை ஏழு என்பார். மாறுபடுவோர் ஆறு என்பார். ஏழாவது உறை தொலைந்துபோனது என்று சமாதானம் சொல்வோரும் உளர்.

முதலாவது தோல் உறை. அக்ஃபா கிளிக் 3 காலத்துக் கேமராக்களை நினைவில் வைத்திருப்போர் இதை விடமாட்டார்கள். அழுத்துப் பொத்தானை விடுவித்தால் முன்மூடி தொங்கும். கேமராவை வெளியே எடுக்காமலே கல்யாண மாப்பிள்ளையை எடுத்துவிடலாம். மிடுக்கு என்றால் இதுதான். ஆனால் தோல் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். ஐப்பசியில் பீரோவுக்குள் வைத்ததைத் தையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் லென்சின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெள்ளை இழைகள் கிளை கிளையாகப் படர்ந்திருக்கும். அதுதான் பூஞ்சை. லென்சின் மேல்பூச்சை அதன் அமிலம் அரித்துவிட்டால், துடைத்த பிறகும் இழை ஓடிய தடம் போகாது.

சிலிகான் உறை: தூசி ஒட்டும்.

நியோப்ரீன் உறை கடலில் முக்குளிப்போர் உடுத்தும் துணியால் ஆனது. இடியைத் தாங்கும், நனைந்தால் காய நாளாகும். கெட்டியான அட்டை போன்ற ஜிப் உறை மூன்றாவது அல்லது நான்காவது. ஆய்வாளருக்கு எண்ணிக்கை இவ்விடத்தில் தவறிவிட்டதால் உறையாசிரியரைக் குறை சொல்லி மேலே செல்லலாம்.

உள்ளூர் மரபில் இரண்டு உறைகள் கவனிக்கத் தக்கவை. ஒன்று, வேட்டிக்கு மேல் விவசாயிகள் கட்டும் அகலமான பச்சை பெல்ட். அதிலுள்ள பர்ஸ் பையில் பணமும் பீடியும் மழையிலும் பத்திரமாக இருக்கும். கேமராவை அதில் செருக முடிந்தாலும் குனிந்து நாற்று முடி எடுக்கையில் விலாவைக் கேட்க வேண்டும். மற்றது ஆச்சிகளின் சுருக்குப்பை. அளவு சரி, நாடாவை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும், விலையும் மலிவு. ஆனால் 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையுடன் சுண்ணாம்பும் அதற்குள் குடியிருக்கிறது. சுண்ணாம்பு கேமரா திரைக்கு ஆகாது. பைக்குச் சொந்தக்காரியைக் குடிபெயர்ப்பதைவிடக் கேமராவைக் குடிபெயர்ப்பது எளிது.

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை இவ்வாய்வு மனமார வரவேற்கிறது. ஆனாலும் தேங்காயும் கேமராவும் ஒரே பையில் போகலாகாது.

கள ஆய்வு இல்லாமல் இக்காலத்தில் எந்த ஆய்வும் ஏற்கப்படுவதில்லை. ஆகவே காந்திஜி சாலைப் பக்கம் ஒரு கடையில் தகவலாளர் ஒருவர் பேட்டி காணப்பட்டார். பேட்டி முழுவதும் இங்கே தரப்படுகிறது: “கேமரா பையாண்ணே? அதெல்லாம் இப்ப யாருண்ணே கேக்குறாங்க. செல்லு கவர் பாக்குறீங்களா?” தகவலாளர் சொன்னதில் உண்மை உண்டு. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட லென்ஸ் பொருத்திய சிறு டிஜிட்டல் கேமராக்கள், 2023இல் 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. பழம்பொருள் ஆகிவிட்டதால் அது ஆய்வுக்கு முழுத் தகுதி பெற்றுவிட்டது.

இனி ஆய்வின் மையத்துக்கு வரலாம். டெல்டாவில் கேமராவுக்கு எதிரி கீழே விழுவதல்ல. வண்டல் மண் மெத்தென்றுதான் இருக்கும். எதிரி ஈரப்பதம்.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் லென்சில் பூஞ்சைக்கு வழி பிறக்கிறது. 40 முதல் 50 வரை வைத்திருந்தால் பயமில்லை என்பது கேமரா பழுதுபார்ப்போர் பொதுவாகச் சொல்வது. வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்று 80ஐ அலட்சியமாகத் தாண்டும். ஈரப்பதம் என்ற சொல்லைக் கேட்டதும் டெல்டாக்காரர் எவருக்கும் நினைவு வருவது கேமரா அல்ல, நேரடி நெல் கொள்முதல் நிலையம். மழையில் மாட்டிய குறுவை நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டி, காலால் துழாவித் துழாவிக் காயவைத்து, மேகம் கறுத்தால் படுதாவை இழுத்து மூடி, மறுநாள் மறுபடி பிரிப்பார்கள். நிலையத்து ஊழியர் ஒரு பிடி நெல்லை ஈரப்பதமானிக்குள் போடுவார். கருவி 17 சதவீதத்துக்குள் காட்டினால் தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள். 18 என்றால் மறுபடி தார்ச்சாலை.

இந்த 17ஐ எந்த உறை ஆய்வாளரும் இதுவரை பயன்படுத்தவில்லை என்பது வியப்பு. பூஞ்சை எல்லையான 60இலிருந்து நெல்லின் 17ஐக் கழித்தால் 43 வருகிறது. 43 கேமராவுக்கு உகந்த 40–50க்குள் கச்சிதமாக விழுகிறது. இதைத் தற்செயல் என்போர் ஆய்வேடு எழுதிப் பழகாதவர்கள். தற்செயல் என்று இன்னமும் சாதிப்போர், 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் குறுவைக்கென வெளியிட்ட சன்ன ரகத்தின் பெயரைப் பார்க்கட்டும்: ஆடுதுறை 43. மழைக் காலங்களில் விவசாயிகள் 22 சதவீதம் வரை தளர்வு கேட்பது வழக்கம். மத்தியக் குழு வரும், மாதிரி எடுக்கும், யோசிக்கும். 2022இல் 19 வரை இறங்கிவந்தார்கள். 60இலிருந்து 19 போனால் 41, கேமரா தப்பித்தது. 22ஐக் கழித்தால் 38. உகந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. ஆகவே 20க்கு மேல் தளர்வு தருவது கேமராக்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்று இவ்வாய்வின் அட்டவணை காட்டும். அட்டவணையை எந்த விவசாயியிடமும் காட்ட வேண்டாம்.

இந்தக் கணக்குக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. நெல்லின் 17 என்பது எடையில் நீரின் பங்கு. காற்றின் 60 என்பது அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஆவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது. இரண்டையும் கழிப்பது, திருவையாற்றிலிருந்து தியாகராஜர் ஆராதனையைக் கழித்து மீதி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பது. கொள்முதல் நிலையத்து ஊழியருக்கு இது தெரியும். இருந்தாலும் இதற்கு நிகரான கழித்தல்கள் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குள் நடமாடுவதால் இது மட்டும் ஏன் கூடாது என்பதே ஆய்வாளரின் பதில்.

நெல்லிலிருந்து அரிசிக்கு ஒரே எட்டு. நனைந்த கேமராவை அரிசிக்குள் புதைத்தால் ஈரம் வற்றிவிடும் என்பது நாடறிந்த கொள்கை. ஓட்டலில் உப்புக் குப்பிக்குள் நாலைந்து அரிசி கிடப்பதைப் பார்த்துப் பிறந்திருக்க வேண்டும். எந்த அரிசி என்பதில்தான் சண்டை. பச்சரிசிக் கட்சியார் அது ஈரத்தை வேகமாக உறிஞ்சும் என்பர். அதன் மாவு லென்ஸ் வளையத்துக்குள் இறங்கும் என்று புழுங்கலரிசிக் கட்சியார் மடக்குவர். மாப்பிள்ளைச் சம்பா கேமராவுக்கும் தெம்பு தரும் என்பது மூன்றாம் கட்சி. உறையாசிரியர் புழுங்கலுக்கே சார்பானவர். அவர் உரையை மறுத்து அவருடைய மருமகன் பச்சரிசிக்கு ஆதரவாக எழுதினார். மறுப்புக்கு மறுப்பாக மாமனார், உறைநூலின் எழுதப்படாத இரண்டாம் பதிப்பின் பிழைதிருத்தப் பட்டியலுக்குப் பின்னுரை ஒன்று வரைந்து, அதன் அடிக்குறிப்பில் தீர்ப்பைச் சொல்லி, அந்த அடிக்குறிப்பைத் தனியே கடிதமாக மருமகனுக்கு அனுப்பினார். கடிதம் கிடைக்கவில்லை. அது வந்த உறை மட்டும் கிடைத்துள்ளது.

உண்மை வேறு. காற்றின் ஈரப்பதம் 75ஐ ஒட்டியிருக்கும் ஊரில் மூட்டையில் இருக்கும் அரிசியே 14 சதவீதத்தை ஒட்டி நீரைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். தானே நனைந்திருப்பவரிடம் துண்டு கேட்டு என்ன பயன்? ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், நொய்யும் துகளும் உள்ளே போய்க் கெடுக்கும் என்று 2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனமே சொன்னது. பத்தாயம் கட்டி நெல் காத்த பரம்பரைக்கு இதை அவர்கள் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அரிசி செய்யாத வேலையைச் சிலிக்கா ஜெல் செய்யும். புது செருப்புப் பெட்டியில் ‘தின்னாதே’ என்று எழுதி வருமே, அந்தச் சிறு பொட்டலத்துக்குள் இருக்கும் மணிகள்தாம். நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். சூடாக்கினால் மறுபடி நீலமாகும். நீலம் தருவது கோபால்ட் குளோரைடு, அது நச்சு; எனவே சமையல் சட்டியில் வறுக்கக் கூடாது.

இனி ஆய்வு முடிவுகள். வெளியே போக, உள்ளே மெத்தென்ற துணி வைத்த சாதாரண ஜிப் உறை போதும். ஜிப்பின் பல் உட்பக்கம் துருத்தாமல் இருக்க வேண்டும், இல்லையேல் திரையில் கோடு விழும். வாங்கும்போது கேமராவைக் கடைக்கு எடுத்துப்போய், பேட்டரியும் மணிக்கட்டுக் கயிறும் மாட்டியபடியே போட்டுப் பாருங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் எடுத்தால், வீடு வந்ததும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வையுங்கள். வீட்டில் கேமராவை உறையோடு வைக்க வேண்டாம். உறையைக் கழற்றி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். ஆடுதுறை 43 சோற்றுக்கு நல்ல ரகம்.