காருக்கு முன்னால் வரும் கடுதாசி

தபாலில் வரும் சுரண்டல் அட்டையில் தோற்றவர் என்று எவருமே கிடையாது. எட்டணாவால் சுரண்டினாலும் நகத்தால் சுரண்டினாலும் கார்தான். ராசிபுரம் பக்கத்துப் பெரியவருக்கு, அட்டை அனுப்பிய கம்பெனியில் ஆர்டர் போட்ட ஞாபகமே இருக்காது. ஆனால் கம்பெனிக்கு அவர் பெயர், இனிஷியல், கதவு எண் எல்லாம் மனப்பாடம்.

இது புதிதல்ல. எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும்படி கட்டம் நிரப்பினால் டிரான்சிஸ்டர் பரிசு என்று பத்திரிகைகளில் விளம்பரம் வந்த காலம் உண்டு. பார்சல் வி.பி.பி.யில் வரும். தபால்காரரிடம் பணம் கட்டிய பிறகுதான் பிரிக்க முடியும், அதில்தான் சூட்சுமமே. லாட்டரியை 1968-இல் தொடங்கி வைத்த தமிழக அரசே 2003-இல் தடை போட்டது. அட்டைக்காரருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நாமக்கல் லாரிக்காரர் பழைய வண்டி வாங்கினால் அடியில் படுத்து சேஸிஸைத் தட்டிப் பார்ப்பார், எஃப்.சி. தேதி பார்ப்பார், அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ். அவரே, முதலில் வரி கட்டினால்தான் கார் என்று அட்டைக்காரர் சொன்னதும், கண்ணால் காணாத காருக்கு ‘ஜி.எஸ்.டி.’ கட்ட பேங்குக்குக் கிளம்புகிறார். தடுத்தால் நமக்குப் பொறாமை!

ரொக்கப் பரிசென்றால் வரியைக் கொடுப்பவரே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போட வேண்டும். போகுமுன் என்றால், போனில் வரி கேட்கும் அட்டைக்காரரிடம் சொல்ல ராசிபுரம் பெரியவருக்குப் பேரன் சொல்லிக் கொடுத்த ஒரே வாக்கியம்:

“காரு வேண்டாங் கண்ணு, வரியைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தை ஊட்டுக்கு அனுப்பிப்போடு.”

“என்ன சொன்னான், அப்பாரு?”

“போனை வெச்சுப்போட்டான். மருவாதி தெரியாத பய.”