கைக்கடிகாரக் கறை: ஒரு பூர்வாங்க விசாரணை

பழைய கைக்கடிகாரங்களைச் சேகரித்து அவற்றின் வம்சாவளியையும் மகிமையையும் ஆராய்ந்து வரும் பெரியோர், முகப்பில் படிந்த பழுப்பைக் காலதேவனின் கைநாட்டு என்று பொதுப்படப் புகழ்ந்திருக்கிறார்களே ஒழிய, ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே உளுந்துப் பிரமாணத்தில் காணப்படும் கறை எதனால் உண்டாயிற்று என்று ஒருவராவது விசாரித்தாரில்லை. அக்குறையை நிவர்த்தி செய்வதே இக்கட்டுரையின் பிரயோஜனம். எந்தக் கடிகாரத்து முகப்பில் என்று கேட்பவர்களுக்கு, காலஞ்சென்ற எங்கள் பெரியப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவில் என்று பதில் சொல்லி மேலே செல்கிறேன்.

முதலில் தோற்றம். நேப்பிள்ஸ் ராணி கரோலின் முராவின் பொருட்டு 1810-ல் பிரெகே செய்யத் தொடங்கியதே ஆதிக் கைக்கடிகாரம் என்று ஒரு கட்சியும், ஹங்கேரிப் பிரபுகுலத்துச் சீமாட்டி ஒருத்திக்காக 1868-ல் படேக் பிலிப் செய்ததே ஆதி என்று மறு கட்சியும் வாதாடி வருகின்றன. இரண்டிலும் அணிந்தவர் பெண்பிள்ளையாகையால், முதல் உலக யுத்தத்துப் பதுங்குகுழியில் நின்றுகொண்டு சட்டைப்பையைத் துழாவி மணி பார்ப்பது பிராணாபத்து என்று தெரியவரும் வரையில், ஆண்மக்களில் பெரும்பாலோர் அதை வளையல் இனத்தில் சேர்த்து ஒதுக்கியே வைத்திருந்தார்கள். தோற்றம் முற்றிற்று.

இனி வகை. கைக்கடிகாரங்கள், ஓடுவன, ஓடாதன, ஓடினாலும் நம்பப்படாதன, பீரோவில் இருப்பன என நால்வகைப்படும். முதல் மூன்றும் மணி காட்டுவதாகிய அற்ப காரியத்தோடு சம்பந்தப்பட்டவையாதலின் ஆராய்ச்சிக்கு உகந்தவை அல்ல.

நாலாம் வகையைச் சேர்ந்த நமது ஜனதா, ஜப்பானியச் சிட்டிசன் கம்பெனியின் ஒத்தாசையோடு எச்.எம்.டி. 1961-ல் பெங்களூரில் நிறுவிய தொழிற்சாலையின் வழித்தோன்றல்; தினம் சாவி கொடுத்தாலன்றி ஓடாத ஜாதி; 1972-ஆம் வருஷத்து ஆவணியில், லால்குடிப் பக்கத்துக் கலியாணப் பந்தலில், மாமனார் கையால் பெரியப்பாவின் மணிக்கட்டை அடைந்தது. அதனுள் 17 கல் உண்டு. சுழலும் அச்சுகளின் முனை தேயாதிருக்கும் பொருட்டுப் பதிக்கப்படும் செயற்கை மாணிக்கத் துணுக்குகளே அவை என்று யந்திர சாஸ்திரிகள் சொல்லக்கூடும். பெரியப்பாவின் சித்தாந்தம் வேறு. மாமியார் காதில் இருப்பது ஏழுகல் தோடு. இரு காதுக்கும் கூட்டினாலும் 14-தான். மாப்பிள்ளைக்கோ ஒரு மணிக்கட்டுக்கே 17 (பெரியப்பா, திண்ணை, காலை). பிற்காலத்தில் அவர் இதை மேலும் விரித்து, ரிப்பேர்காரனிடம் கடிகாரத்தைக் கொடுத்தால் கல்லை மாற்றிவிடுவான் என்றும், ஆகவே அது நின்றாலும் நிற்கட்டுமேயன்றித் திறக்கலாகாது என்றும் விதித்தார் (பெரியப்பா, அதே திண்ணை, மாலை, வெற்றிலைக்கு முன்).

இப்போது கறைக்கு வருவோம். இதில் மூன்று மதங்கள் உள.

வியர்வை மதம் ஒரு வரிக்கு மேல் பெறாது.

சாம்பார் மதத்தின் ஸ்தாபகர் அத்தை. கலியாணத்தன்று மாப்பிள்ளை, கடிகாரம் எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்னும் சங்கல்பத்தோடு சட்டைக் கையை முழங்கை மட்டும் சுருட்டிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் வாளியோடு வந்தவரைக் கடிகாரக் கையாலேயே மறித்து, 'போதும் போதும்' என்றதில் தெறித்ததே அது என்பது அவர் கட்சி. கலியாணப் போட்டோவில் பெரியப்பா நாற்காலியின் கைமேல் முன்கையைக் கிடத்தி, பல்வலிக்காரன் கன்னத்தைக் காட்டுவது போலக் கடிகாரத்தைக் காமராவுக்குக் காட்டிக்கொண்டிருப்பதால், சட்டைக் கை சுருட்டப்பட்ட பாகம் நிரூபணமாகிறது. 'அது சாம்பார் அல்ல, வற்றல் குழம்பு, என் கலியாணத்தில் சாம்பார் அவ்வளவு கெட்டியாக இல்லை' என்னும் பாடபேதமும் கிடைக்கிறது (பெரியம்மா, அடுக்களை, தோசைக்கல்லுக்கு எதிரில் நின்றவாறு, இரண்டாம் தோசை தொடங்கி நாலாம் தோசை ஈறாக, மூன்றாம் தோசை கருகியமையால் நடுவே சில வாக்கியங்கள் இக்கட்டுரையாளனை நோக்கியவை, ஆகவே விலக்கப்பட்டன).

மூன்றாவதான தார் மதமே ஆழமானது. சித்தப்பா 1965-ஆம் வருஷத்து ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில், ரயில் நிலையப் பலகையின் ஹிந்தி எழுத்துகளைத் தாரால் மறைத்தவர்களில் ஒருவர். அண்ணன் கடிகாரத்து முகப்பில் 'ஜனதா' என்று தேவநாகரியில் எழுதியிருக்கக் கண்டவர் சும்மா இருந்திருப்பாரா என்பதும், பழைய வாளியின் மிச்சத்தில் விரல் தோய்த்திருக்க மாட்டாரா என்பதும் அம்மதத்தின் பிராண வினாக்கள். எழுத்தில் ஒரு பின்னமும் இல்லாமல் கறை வேறிடத்தில் இருப்பானேன் என்றால், இருட்டில் குறி தவறிற்று என்பது சமாதானம். கிளர்ச்சிக்கும் கலியாணத்துக்கும் இடையில் ஏழு வருஷம் இருக்கிறதே, தார் அதுவரை உலராதா என்று ஆக்ஷேபிப்பாரும் உளர். தேதி இடிக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல சித்தாந்தத்தைக் கைவிடுவது நம்முடைய ஆராய்ச்சி மரபு அன்று. கறையான் தின்ற ஏட்டில் கறையான் விட்ட எழுத்தைக் காட்டிலும் தின்ற எழுத்தைப் பற்றியே அதிகமாக எழுதி, அந்த ஓட்டைக்குள்ளேயே குடித்தனம் செய்து பட்டமும் பெற்றவர்களை நான் அறிவேன். அவர்கள் என் பக்கம் நிற்பார்கள்.

அயல்நாட்டு ஒப்புமை ஒன்றில்லாவிடில் கட்டுரை சோபிக்காது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் அணிந்த ரோலெக்ஸ் டேடோனா, 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போயிற்று. அதன் முதுகில், காரை ஜாக்கிரதையாக ஓட்டும்படி அவர் மனைவி பொறித்துக் கொடுத்த வாசகம் இருந்தது. நமது ஜனதாவின் முதுகில் வாசகம் இல்லை. ஆனால் கைரோமத்தைப் பிடுங்கும் அதன் ஸ்டீல் செயினில், அறுந்துபோன ஒரு கண்ணிக்குப் பதிலாகப் பெரியம்மா கோத்துவிட்ட ஊக்கு ஒன்று, துருவேறியும் வளையாமல் இன்றும் இருக்கிறது. ஏலக்காரர் யாரும் அதைப் பார்க்க வரவில்லை. எச்.எம்.டி.யின் கடிகாரக் கம்பெனியை மூடிவிடுவதென்று 2016-ல் மத்திய அரசு தீர்மானித்த பிறகு வந்தவர் ஒரு சேகரிப்பாளர் மட்டுமே. அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பழைய முகப்புக்குப் புதுவர்ணம் பூசி விற்கும் மோசடி மலிந்த இக்காலத்தில் இத்தகைய அசல் கறை துர்லபம் என்று சிலாகித்து, கறைக்கு ஒரு விலையும் கடிகாரத்துக்கு ஒரு விலையும் சொன்னார். இரண்டில் கறையின் விலையே அதிகம்.

அந்த உற்சாகத்தில், பெரியப்பாவின் விதியை மீறி, கறையின் ஆழத்தை அளந்து வரலாமென்று கடைவீதியிலுள்ள ரிப்பேர்காரரிடம் எடுத்துப் போனேன். அவர் கண்ணில் குழல்கண்ணாடியைச் செருகி, மூடியைத் திறந்து, யந்திரத்தை வெளியே எடுத்து வைத்து, எதையோ ஊதி, எதையோ துடைத்துக் கால்மணி நேரத்தில் திருப்பித் தந்தார். முகப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கண்ணாடிக்கு உள்பக்கம் ஏதோ ஒட்டியிருந்துச்சு சார். தொடச்சு விட்டுட்டேன். அதுக்குக் காசு வேண்டாம்."

மூலச்சான்றை ஏந்திய பஞ்சுத்துண்டை அவர் மேஜையடியிலிருந்து பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். முகர்ந்து பார்த்த அத்தை பெருங்காயம் என்கிறார். சித்தப்பாவுக்குத் தார் வாசனைதான் வருகிறது. ஆகவே ஆராய்ச்சிக்கு ஊனமில்லை. 17 கல்லும் இருக்கின்றனவா என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பெரியம்மா தீப்பெட்டியைத் திறக்கவே இல்லை. கடிகாரத்தை வாங்கி, புடவைத் தலைப்பால் ஒரு முறை துடைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருபது தரம் சாவி கொடுத்து, காதோரம் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இருபதுதான். அதுக்கு மேல திருகினா அவருக்குப் பிடிக்காது" (பெரியம்மா, அடுக்களை, அடுப்பு அணைந்த பின்).