சாயம் வெளுத்த வல்லரசுகளுக்குச் சில யோசனைகள்

அதிகாரம் போன பெரிய கங்காணி முதலில் என்ன செய்வார் என்று பதுளைப் பக்கத்து லயங்களில் கேட்டுப் பாருங்கள். விடியப் பெரட்டுக்கு முன்பே கோடிக் காம்பராச் சுவரில் காதை வைப்பார். எவன் சங்கத்தில் சேர்ந்தான், எவள் துரையை ஏசினாள் என்று பங்களாவில் போய்ச் சொல்வார். இனி ஆளை அதட்ட முடியாது, "எனக்குத் தெரியாததா?" என்று மீசையைத் தடவலாம் அல்லவா?

உங்களுக்கும் அதே வழிதான். படை நடத்தப் பணம் வேண்டும். வேவுக்கு ஓர் ஆள் போதும். மாட்டினால் அவன் யாரோ, ஜெயித்தால் நம்மவன்.

மாதிரிக்குக் கிழக்கிந்தியக் கம்பனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சீனத் தேயிலை வியாபாரத்தில் அதற்கிருந்த ஏகபோகத்தை 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பறித்தது. கடை போனாலும் முதலாளித் தோரணை போகவில்லை. சீனனின் செடியையே தூக்கிவர, 1848-இல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளரை அனுப்பியது.

வேஷத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஃபார்ச்சூனுக்கு முன்தலையைச் சிரைத்து, பின்னால் சடை கட்டி, சீன உடுப்பு மாட்டினார்கள். பேச்சு பிசகினால் தூரத்து மாகாணத்தான் என்று சொல்லிச் சமாளித்தார். பசறையில் போய் "நான் அக்கரப்பத்தனை" என்றால் யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

போன இடத்தில் கண்ணைத் திறந்து வையுங்கள். ஏற்றுமதிப் பச்சைத் தேயிலைக்குப் பிரஷ்யன் நீலமும் ஜிப்சமும் கலந்து நிறமேற்றுவதை அவர் நேரில் பார்த்தார். வேலையாட்களின் கையெல்லாம் நீலம். பச்சைக்கும் கறுப்புக்கும் செடி ஒன்றே, பக்குவம்தான் வேறு என்பதையும் உறுதி செய்துகொண்டார். கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைக்கிற எங்கள் பக்டரி ஆட்களிடம் இதை ரகசியம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

திருடியதைக் கரை சேர்ப்பதுதான் சிரமம். முதலில் இந்தியாவுக்கு அனுப்பியதில் பெரும்பகுதி பட்டுப்போனது. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் மண் நிரப்பி விதை போட்டார். கப்பல் போகப் போக முளைத்தது.

முக்கியமான யோசனை: சொந்தக் கொல்லையை எட்டிப் பார்த்துவிடாதீர்கள். கம்பனி ஆண்ட அசாமிலேயே தேயிலை தானாக வளர்ந்து நின்றது, 1830களிலேயே அது தெரியும். கோப்பியை நோய் தின்ற பிறகு இலங்கை மலைகளில் பரவியதும் பெரும்பாலும் அசாம் வகைதான். 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் போட்டதும் அந்த விதையே.

கம்பனியின் கவுரவமா? சடை கட்டிய பத்தாம் வருஷம், 1858-இல், இந்தியாவை ராணி எடுத்துக்கொண்டு செக்ரோல் ஏட்டில் அதன் பேரை வெட்டிவிட்டார்.