டிரையரு ஆடுதா, கூடம் கோணலா?

வா கண்ணு, உக்காரு. மொகத்துல என்ன இத்தனை வெசனம்? டிரையரு துணி காய வெக்க மாட்டேங்குதா? அட, நான் எருமை கன்னு கெணத்துல உழுந்துருச்சாட்டப் பயந்துட்டேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. உன்ற ஊட்டுல இருக்கறது எந்த டிரையரு? நம்மூரு கொண்டப்பநாயக்கன்பட்டில பாதிப் பேரு டிரையருங்கறது ரெட்டைத் தொட்டி மிசின்ல இருக்கற சின்னத் தொட்டியை. அது சுத்திச் சுத்தித் தண்ணியைப் புழிஞ்சு உடும். அவ்வளவுதான், சூடு கெடையாது. புழியறது வேற, காயறது வேற சாமி.

தடதடன்னு குதிக்குதா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க நெசமாவே கூடம் கோணலா இருக்கும், நாலு காலும் தரையில பதிஞ்சிருக்கான்னு பாரு. பொறவு, ஒரு ஓரத்துல போர்வையும் மறு ஓரத்துல ஒத்தைப் பனியனும் போட்டிருப்ப. ஒரு பக்கமா மூட்டை ஏத்துன வண்டி நேராப் போவுமா? சமமாப் பரத்தி, மேல அந்தப் பிளாஸ்டிக் தட்டை வெச்சு அமுத்து. சுத்தவே இல்லீனா மூடி சரியா மூடியிருக்கான்னு பாரு. உங்கத்தை ஊட்டு மிசினு, மூடியைச் சரியா மூடியும் சுத்தாம நின்னுச்சு. பாத்தா, அடியில தண்டைச் சுத்திக்கிட்டு, பொடுசோட ஒத்தை சாக்ஸு.

ஓ, உன்னுது சூடு காட்டற டிரையரா? அப்பப் பெரிய மனுசன்தான்.

உங்க சித்தப்பனும் வாங்குனான். ரெண்டு மணி நேரம் ஓடியும் துணி நமுத்தே கெடந்துச்சு. மெக்கானிக்கு வந்து உள்ளார இருந்த சல்லடையை உருவுனான். அதுல அப்பியிருந்த பஞ்சு அரைத் தலகாணிக்கு ஆவும். தட்டுனான், 500 ரூவா வாங்குனான், போயிட்டான். காத்துப் போற வழியை அடைச்சா ஈரம் எங்க போவும்? சூடு உள்ளயே தங்கி பியூசும் போவும். பஞ்சுல தீப்புடிச்சா என்ன ஆவும்னு உனக்குச் சொல்லோணுமா? ஒவ்வொரு தடவையும் தட்டோணும் கண்ணு.

செல்போன் சார்ஜரு மாட்டற எக்ஸ்டென்சன்லயா மாட்டியிருக்க? 2000 வாட்டு இழுக்கற சாமானய்யா அது! 16 ஆம்பியர் பிளக்கு தனியா வேணும். மணிக்கு 2 யூனிட்டுன்னா, தெனம் ஒரு மணி நேரம் ஓட்டுனா ரெண்டு மாசத்துல 120. 2016ல சர்க்காரு இலவசம்னு அறிவிச்சதே 100தான்.

2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே சேலத்து ஜவ்வரிசி, அதைக் களத்துல பரத்தி வெயில்லதான காயப்போட்டாங்க? அத்தனை மூட்டைக்குப் பத்துன வெயிலு உன்ற ரெண்டு ஜட்டிக்குப் பத்தாதா? பால்கனியில துணி தொங்குனா கௌரவம் கொறையுதாம்ல! ஐப்பசில சேர்வராயன் மலையில மேகம் எறங்கி நாலு நாளு மழை புடிச்சா ஓட்டிக்க, வேண்டாங்கல. சித்திரையில எதுக்குடா?

சரி, சல்லடையை உருவப் போறியே, பிளக்கைப் புடுங்குனியா? மொதல்ல போயி அதைப் புடுங்கு.