தறிவீட்டுப் பானைத் தண்ணீர்

ஆரணியில் நாங்கள் பையன்களாகத் திரிந்த நாளில் தண்ணீருக்கு ஒரே ஒரு வேலைதான், தாகம் தீர்ப்பது. வீதியில் பாவு ஆற்றும் இடத்தில் விளையாடிக் களைத்து எந்தத் தறிவீட்டுக்குள் நுழைந்தாலும், குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் நாடாவை நிறுத்தாமலே, "உள்ளே பானையில இருக்கு, மோந்து குடி கண்ணு" என்பார். கமண்டல நாகநதி மணலில் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் விடியலில் சுமந்து வந்து, தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிய வைத்த அந்தத் தண்ணீர், மண்வாசனையோடு தொண்டையில் இறங்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பானை இருந்திருக்கும்.

ஆற்று மணலும் போய் ஊற்றும் போன பிறகு, அதே வீதியில் குட்டியானை வண்டி இருபது லிட்டர் கேன்களை இறக்குகிறது. வாங்குவதைக் குறை சொல்லமாட்டேன். வேறு வழி ஏது? கேனோடு வந்த ஒரு நோட்டீஸைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 'அல்கலைன் தண்ணீர், சர்க்கரை குறையும், மூட்டுவலி போகும்.' காலமெல்லாம் மிதிகட்டையை மிதித்து முழங்கால் தேய்ந்த நெசவாளி இதைப் படித்தால், மாத்திரைக்கு வைத்திருந்த காசு எங்கே போகும்?

குடிநீர் லேபிளில் நோயைத் தடுக்கும், தணிக்கும், தீர்க்கும் என்று எழுதவே கூடாது, உடல்நலத்துக்கு வேறு நன்மை உண்டு என்றும் சொல்லக் கூடாது என்று 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. அரசு முனைந்தால் நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம்: 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணீரில் பூச்சிமருந்து இருப்பதைச் சோதித்துச் சொன்னது; மறு ஜனவரியிலேயே புதிய, கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 2024 நவம்பரில் அடைக்கப்பட்ட குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வு கட்டாயம் என்றார்கள். நல்லது. அந்த ஆய்வு பெருநகர ஆலைகளோடு நின்றுவிடாமல் எங்கள் சந்துக்கும் வரவேண்டும்.

அதுவரை கேனில் பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். வியாதி தீரும் என்று எழுதியிருந்தால் படமெடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முழங்கால் வலிக்கு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.