துருவுக்கு நாங்கள் பொறுப்பல்ல

வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத பைக்கின் சைலன்சரில் துரு என்று வாரன்டி கேட்டுப் போகிறவர்களுக்கு வேதியியல் தெரியவில்லை. இரும்போடு ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் துரு. உப்புக்காற்று அதை விரைவுபடுத்தும். இதில் கம்பெனி கொடுத்தது இரும்பு மட்டுமே. மற்றதெல்லாம் வெளியார் கைவரிசை. வெளிக்காரணங்களுக்கு வாரன்டி செல்லாது என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பெழுத்திலாவது அச்சிட்டிருக்கிறார்களே, என்ன நேர்மை! சென்னைக்குக் கிழக்கே கடல் இருப்பது அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும், அதனால்தான் அந்த வரி. வண்டியைக் கழுவாவிட்டால் பராமரிப்பில் குறை, கழுவினால் தண்ணீர் பட்ட குறை. வரவேற்பறையில் நிறுத்தி, மூச்சுக்காற்று படாமல் தள்ளி நின்று ரசிப்பதே முறை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. தாராளமாகப் போடுங்கள். தீர்ப்புக்குள் சாட்சிப் பொருள் உதிராமல் பார்த்துக்கொள்வது உங்கள் சமர்த்து. டெல்லி இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறதே என்று சிலர் மடக்குவார்கள். நல்ல ஒப்பீடு! அதை ஒருமுறையாவது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்களா? முதல் இலவச சர்வீஸையே தவறவிட்ட தூண். அதன் வாரன்டி எப்போதோ ரத்து.